ஏடாட் ஆப்டிகல் + எஸ்பிடிஃப்: ஒரே இன்டர்ஃபேஸில் ரெண்டும் கொடுத்தால் 'டிக் டிக்' சத்தம், கிளாக் எப்படி அமைப்பது?

தண்டையார்பேட்டை டிராக்ஸ் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். மாடி அறையில் கானா குழுவை ஒரே நேரத்தில் லைவா பதிவு பண்ணணும். டோலக்குக்கு 2 மைக், டேப் (தோல் வாத்தியம்) ஒன்னுக்கு 1, ஆர்மோனியத்துக்கு 1, பாடுறவருக்கு 1, கோரஸுக்கு 2, ரூம் மைக் 1. மொத்தம் எட்டு. இது போக ஒரு கீபோர்டு.

மாடல் பேரை விட, பின்பக்கம் என்னென்ன சாக்கெட் இருக்குன்னு சொல்றதுதான் உதவியா இருக்கும்னு நினைக்கிறேன்.

யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்புற பெட்டி): 4 மைக் ப்ரீஆம்ப் (மைக் சிக்னலைப் பெருக்குற பகுதி), 4 லைன் இன், ஏடாட் (எட்டு சேனல் டிஜிட்டல்) வாங்குற ஆப்டிகல் இன் ஒன்னு (ஆப்டிகல் அவுட் கிடையாது), எஸ்பிடிஃப் (ரெண்டு சேனல் டிஜிட்டல்) கோஆக்ஸியல் ஆர்சிஏ இன், அவுட். வேர்ட் கிளாக் (பெட்டிகளை ஒரே வேகத்தில் ஓட வைக்கிற சிக்னல்) சாக்கெட் இல்லை.

எட்டு சேனல் மைக் ப்ரீஆம்ப்: ஆப்டிகல் இன், ஆப்டிகல் அவுட், வேர்ட் கிளாக் இன்னுக்கு ஒரு பிஎன்சி சாக்கெட். 44.1, 48 கிலோஹெர்ட்ஸ் ரெண்டு சாம்பிள் ரேட் (வினாடிக்கு எத்தனை ஆயிரம் தடவை ஒலியை அளக்குதுங்கிற எண்) மட்டும். பின்னாடி ஒரு சுவிட்ச், அதில் வேர்ட் கிளாக், ஏடாட் இன், இன்டர்னல் 44.1, இன்டர்னல் 48 என்று நாலு நிலை.

கீபோர்டு: கோஆக்ஸியல் டிஜிட்டல் அவுட் மட்டும். மேனுவலில் 44.1 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கு, மாற்ற வழியில்லை.

இப்போ ப்ரீஆம்ப் ஆப்டிகல் அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸ் ஆப்டிகல் இன்னுக்கு ஒரு டாஸ்லிங்க் (ஆப்டிகல்) கேபிள், கீபோர்டிலிருந்து டிவிடி பிளேயரோட வந்த சிவப்பு ஆர்சிஏ கேபிள். ப்ராஜெக்ட் 48. எட்டு சேனலும் வருது, ஆனா கிட்டத்தட்ட ஒவ்வொரு வினாடியும் ஒரு 'டிக்'. ஆர்மோனியம் நீட்டி வாசிக்கும்போது தெளிவா கேட்குது, டோலக்கில் தெரியலை. கீபோர்டு சேனலில் வெறும் கரகரப்பு. அந்த ஆர்சிஏ-வைச் சொருகினதும் ஸ்பீக்கரில் லேசா 'ம்ம்ம்' என்று ஹம்மும் சேருது. பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தரத்துக்குச் சேர்த்து வெச்சு எடுக்கிற சாம்பிள் எண்ணிக்கை) 64-லிருந்து 512 வரைக்கும் ஏத்திப் பார்த்தாச்சு, டிக் அப்படியே இருக்கு. எங்கே ஆரம்பிக்கணும்?

---

பெரம்பூர் மிக்ஸ் ரூம்

பஃபரை ஏத்தியும் போகலைன்னு எழுதினீங்க பாருங்க, அதுதான் முக்கியமான தடயம். கம்ப்யூட்டர் திணறி வர்ற கிளிக் ஒழுங்கில்லாம வரும், பஃபரை ஏத்தினா குறையும். ஒரே இடைவெளியில், பஃபரைப் பத்திக் கவலையே படாம வர்ற கிளிக் என்றால் கிளாக் பிரச்சினை.

உங்க ரெண்டு பெட்டிக்குள்ளேயும் தனித்தனி கிரிஸ்டல் (கிளாக்கை ஓட்டுற துண்டு) ஓடுது. ரெண்டும் '48' என்று காட்டினாலும் ரெண்டும் ஒரே 48 கிடையாது. பத்து லட்சத்துக்கு 20 பங்கு வித்தியாசம் இருக்குன்னு வெச்சுக்குங்க, சாதாரண கிரிஸ்டல்களுக்கு நடுவே இது இயல்பானது. 48,000-ஐ அதால் பெருக்கினா வினாடிக்கு 0.96 சாம்பிள். அதாவது ப்ரீஆம்ப் அனுப்புறதும் இன்டர்ஃபேஸ் வாங்குறதும் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு சாம்பிள் விலகுது. இன்டர்ஃபேஸ் ஒரு சாம்பிளைத் தூக்கி எறியணும், இல்லை ஒரே சாம்பிளை ரெண்டு தரம் போடணும். அந்த வெட்டுதான் உங்க டிக். ஆர்மோனியத்தோட நீளமான சுரத்தில் அலை உடையுறது பளிச்சுன்னு கேட்கும், டோலக் அடிகளுக்கு நடுவே அது ஒளிஞ்சுக்கும். டோலக்கில் இல்லைன்னு நம்ப வேண்டாம். அங்கேயும் இருக்கு.

கானாவில் தாளத்தை ஒருத்தர் பிடிப்பார், மத்தவங்க அவரைத் தொடர்வாங்க. டிஜிட்டல் இணைப்பும் அப்படித்தான்: ஒரே ஒரு பெட்டி மாஸ்டர், மீதி எல்லாம் அதைத் தொடரணும். ரெண்டு மாஸ்டர் கூடவே கூடாது, மாஸ்டரே இல்லாமலும் கூடாது.

யார் மாஸ்டர்? இன்டர்ஃபேஸ்தான் மாஸ்டரா இருக்கணும்னு பலர் சொல்வாங்க. உங்க விஷயத்தில் அது நடக்காது. ப்ரீஆம்புக்குக் கிளாக் கொடுக்க ஆப்டிகல் அவுட்டோ வேர்ட் கிளாக் அவுட்டோ வேணும், உங்க இன்டர்ஃபேஸில் ரெண்டும் இல்லை. அதனால ப்ரீஆம்ப்தான் மாஸ்டர், வேற வழியே கிடையாது. இதில் தரம் குறையுமோன்னு பயப்பட வேண்டாம். ஏடாட் சிக்னலுக்குள்ளேயே கிளாக் இருக்கு, இன்டர்ஃபேஸ் அதைப் பிடிச்சு ஓடும்.

செய்முறை: மானிட்டர் ஸ்பீக்கரை அணைச்சிடுங்க. ப்ரீஆம்ப் சுவிட்சை இன்டர்னல் 48-ல் வையுங்க. 'ஏடாட் இன்' நிலையில் விட்டிருந்தீங்கன்னா அது வராத கிளாக்குக்காகக் காத்துக்கிட்டே இருக்கும், இந்த இணைப்பில் ரொம்பப் பேர் தடுமாறுற இடம் அது. அப்புறம் இன்டர்ஃபேஸோட கன்ட்ரோல் சாஃப்ட்வேரைத் திறந்து சாம்பிள் ரேட் 48, கிளாக் சோர்ஸ் 'ஏடாட்' என்று மாத்துங்க. 'இன்டர்னல்' என்பதில் இருந்தாலும் சேனல் வரும், மீட்டர் ஆடும். எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தோணும், டிக் மட்டும் நிக்காது. 'லாக்டு' அல்லது 'சிங்க்' என்று பச்சையில் காட்டுதான்னு பாருங்க. அதே இடத்தில் ஆப்டிகல் போர்ட் 'ஏடாட்' நிலையில் இருக்கா, 'எஸ்பிடிஃப்' நிலையில் இருக்கான்னும் பாருங்க. சாக்கெட்டும் கேபிளும் ரெண்டுக்கும் ஒன்னுதான், உள்ளே ஓடுற மொழி வேற. எஸ்பிடிஃப் ரெண்டு சேனல். ஏடாட், 1990-களின் தொடக்கத்தில் அலெசிஸ் தன் டேப் ரெக்கார்டருக்காக உருவாக்கினது, 48-ல் எட்டு சேனல். 96-க்குப் போனா அது நாலாகும், ஆனா உங்க ப்ரீஆம்ப் அங்கே போகாது, விடுங்க.

டிஏடபிள்யூ (ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்) ப்ராஜெக்டும் 48-ல் இருக்கணும். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் அந்த இன்டர்ஃபேஸை 44.1-ல் விட்டுட்டா, பிரவுசரில் ஏதாவது பாட்டு ஓடும்போது ரேட்டை மாத்தப் பார்த்து லாக் விட்டுப்போகும். அதையும் 48-க்குக் கொண்டுவந்திடுங்க.

கெய்ன் விஷயம் ஒன்னு. ஏடாட் வழியா வர்ற சேனலுக்கு இன்டர்ஃபேஸில் இருக்கிற கெய்ன் திருகிகள் எதுவும் வேலை செய்யாது. ப்ரீஆம்பில் வெச்ச அளவுதான் கணினிக்குள் வரும். டோலக் அதிகபட்ச அடியில் -10, -12 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் மீட்டர் அளவு, 0 தான் உச்சம்) தாண்டாம வையுங்க. 24 பிட்டில் அதுக்குக் கீழே இடம் தாராளம்.

கீபோர்டு விஷயத்தில் கொஞ்சம் கசப்பான பதில். அது 44.1-ல், தன் சொந்தக் கிளாக்கில் ஓடுற இன்னொரு மாஸ்டர். அதுக்கு டிஜிட்டல் இன் கிடையாது, அதனால யாரையும் தொடரவும் முடியாது. 48-ல் ஓடுற அமைப்புக்குள் அதைக் கொடுத்தா கரகரப்புதான் வரும். எல்லாத்தையும் 44.1-க்கு மாத்தினாலும் கரகரப்பு போய் டிக் வரும், ஏன்னா எண் ஒன்னா ஆனாலும் கிளாக் ரெண்டுதான். கீபோர்டின் சாதாரண லைன் அவுட் ரெண்டையும் இன்டர்ஃபேஸ் லைன் இன்னில் கொடுத்துட்டு அந்த ஆர்சிஏ-வை மறந்திடுங்க. ஒரு தரம் டிஜிட்டலிலிருந்து அனலாகுக்குப் போய்த் திரும்பி வர்றதால கானா ரெக்கார்டிங்கில் கேட்கிற அளவுக்கு எதுவும் இழக்க மாட்டீங்க.

---

காசிமேடு சோல்டர்

மேலே அண்ணன் கிளாக்கை முழுசா சொல்லிட்டார். நான் ஒயர் பக்கம் வர்றேன்.

முதலில் அந்தச் சிவப்பு ஆர்சிஏ. எஸ்பிடிஃப் கோஆக்ஸியலுக்கு 75 ஓம் கேபிள் வேணும். ஆடியோவுக்கு வர்ற சிவப்பு, வெள்ளை ஒயர் அந்தக் கணக்கில் செஞ்சதில்லை. குட்டையா இருந்தா சில நேரம் ஓடும், நீளமானா சிக்னல் முனையில் மோதித் திரும்பி லாக் விட்டு விட்டு வரும். அதே செட்டில் வர்ற மஞ்சள் வீடியோ ஒயர் பெரும்பாலும் 75 ஓம், அவசரத்துக்கு அதைப் போடலாம். மல்டிமீட்டரை வெச்சு 75 ஓம் காட்டலையேன்னு கேட்கிறவங்க உண்டு. இந்த 75 மீட்டரில் வராது, அது கேபிளோட வடிவத்தாலும் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக்காலும் வர்ற குணம். மீட்டரில் பார்க்க வேண்டியது ரெண்டுதான்: நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே ஷார்ட் இல்லையா, முனைக்கு முனை ஓடுதா.

நீங்களே செய்யணும்னா ரிச்சி தெருவில் சிசிடிவி கடைகளில் ஆர்ஜி-59 மீட்டர் கணக்கில் வெட்டித் தருவாங்க. முழுச் செம்பு நடுக்கம்பி, செம்புப் பின்னல் இருக்கான்னு தோலை உரிச்சுப் பார்த்து வாங்குங்க. '3+1' என்று விக்கிற கேமரா ஒயர் வேண்டாம், அதில் கோஆக்ஸ் ரொம்ப மெல்லிசு. கேபிள் டிவிக்காரர் மிச்சம் வெச்சுட்டுப் போன ஆர்ஜி-6-உம் 75 ஓம்தான். ஆனா அதோட பின்னல் பெரும்பாலும் அலுமினியம், ஈயம் ஒட்டாது. அதுக்கு அழுத்திப் பொருத்துற ஆர்சிஏ முனைதான் வேணும், தவிர அது விறைப்பா நின்னு சாக்கெட்டை இழுக்கும். பழைய நெட்வொர்க் ஒயர் ஆர்ஜி-58 பார்க்க அதே மாதிரி இருக்கும், அது 50 ஓம். வாங்கிடாதீங்க. பின்னாடி எப்பவாவது வேர்ட் கிளாக் அவுட் இருக்கிற இன்டர்ஃபேஸ் வாங்கினீங்கன்னா, பிஎன்சி ஒயருக்கும் இதே கணக்குத்தான்.

டாஸ்லிங்க்குக்கு வருவோம். புதுக் கேபிளோட ரெண்டு முனையிலும் கண்ணாடி மாதிரி ஒரு குட்டி மூடி இருக்கும். அதைக் கழட்டாமலே சொருகிட்டு 'கேபிள் டெட்' என்று கடைக்குத் திருப்பிக் கொடுக்கிறவங்க நிறைய. ப்ரீஆம்பை ஆன் பண்ணி ஒரு முனையை ஆப்டிகல் அவுட்டில் சொருகினா மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரியணும். அது எல்இடி வெளிச்சம், ஒரு வெள்ளைத் தாளில் காட்டிப் பார்த்தாலே போதும். வெளிச்சம் வந்தாலே கேபிள் நல்லதுன்னு முடிவுகட்ட வேண்டாம். எஸ்பிடிஃப் 48-ல் வினாடிக்கு ஏறக்குறைய 30 லட்சம் பிட் போகுது, ஏடாட் 1 கோடியே 22 லட்சத்துக்கு மேல, அதாவது நாலு மடங்கு. டிவிக்கும் சவுண்ட்பாருக்கும் நடுவே நல்லா ஓடின கேபிள் ஏடாட்டில் தடுமாறுறது இதனாலதான். நீளத்தை 1, 2 மீட்டருக்குள் வையுங்க, 5 மீட்டருக்கு மேல யோசிக்கவே வேண்டாம். மடிப்பு ஒரு அங்குல ஆரத்துக்குக் கீழே போகக் கூடாது. மேசைக் காலில் சுத்தி ஜிப் டை போட்டு இறுக்குறது பிளாஸ்டிக் இழையைக் கொல்றதுக்குச் சமம்.

நம்ம பக்கம் கடல் காத்து. ராயபுரம், காசிமேட்டில் ஆர்சிஏ முனையும் எக்ஸ்எல்ஆர் பின்னும் சீக்கிரமே பச்சை பூத்துடும். ஆப்டிகலுக்கு அந்தக் கவலை இல்லை, ஆனா ஈரத்தோட தூசி முனையில் ஒட்டும். பயன்படுத்தாத சாக்கெட்டில் ரப்பர் மூடியை விடாம போட்டு வையுங்க. முனையை மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் துடைச்சாலே போதும். உலோக முனைகளுக்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பவரை அணைச்சுட்டு.

அந்த ஹம். கோஆக்ஸியல் ஒயரோட வெளிப்பின்னல் கீபோர்டு உடம்பையும் இன்டர்ஃபேஸ் உடம்பையும் சேர்க்குது. ரெண்டும் வேற வேற பிளக் பாயின்ட்டில் இருந்தா எர்த் வழியா ஒரு வளையம் உண்டாகும். டிஜிட்டல் டேட்டாவுக்கு அதனால கெடுதல் இல்லை, ஆனா இன்டர்ஃபேஸோட அனலாக் அவுட்டில் ஹம்மா வரும். எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகிப் பாருங்க. கீபோர்டை அனலாகில் கொடுத்த பிறகும் ஹம் இருந்தா நடுவில் டிஐ பாக்ஸ் (லைன் சிக்னலை மைக் சிக்னலா மாத்துற சின்னப் பெட்டி) போட்டு கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்க, அப்போ லைன் இன்னுக்குப் பதில் மைக் இன்னில் கொடுக்கணும். மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை உடைக்கிற யோசனையை யாராவது சொன்னா கேட்காதீங்க, மைக்கைப் பிடிச்சிருக்கிறவர் உயிருக்கு ஆபத்து. பழைய வீடுகளில் மூணு ஓட்டை இருக்கும், பின்னாடி எர்த் ஒயரே இருக்காது. எலக்ட்ரீசியனை வெச்சு ஒரு தரம் பார்த்திடுங்க.

---

கொருக்குப்பேட்டை கீஸ்

கீபோர்டை அனலாகில் கொடுக்கச் சொன்னது லைவ் பதிவுக்குச் சரி. ஆனா டிஜிட்டலில் எடுக்கவே முடியாதுன்னு இல்லை. ப்ராஜெக்டை 44.1-ல் தொடங்குங்க, ப்ரீஆம்பும் இன்டர்னல் 44.1. குழு முழுக்க வாசிச்சு முடிச்ச பிறகு, ப்ரீஆம்ப் சேனல்களை ரெக்கார்டிலிருந்து எடுத்துட்டு, கிளாக் சோர்ஸை 'எஸ்பிடிஃப்' என்று மாத்தி, கீபோர்டை மட்டும் தனியா வாசிச்சுப் பதிவு பண்ணலாம். கிளாக் மாறினதால பாட்டு விலகிப் போகுமோன்னு கேட்டா, போகாது. அந்த நேரத்தில் பழைய டிராக்குகள் ஓடுறதும் கீபோர்டோட கிளாக்கில்தான், பதிவாகிறதும் அதே கிளாக்கில்தான். சாம்பிளுக்குச் சாம்பிள் உட்காரும். முடிஞ்சதும் கிளாக்கைத் திரும்ப ஏடாட்டுக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம்.

---

பெரம்பூர் மிக்ஸ் ரூம்

கணக்கு முற்றிலும் சரி, தம்பி. ஆனாலும் நான் அனலாக் பக்கமே நிற்கிறேன். கானாவில் கீபோர்டு வாசிக்கிறவர் பாடுறவரோட வாயைப் பார்த்துத்தான் பிட்டு போடுவார், அவரைத் தனியா உட்கார வெச்சா அந்த உயிர் போயிடும். வீடியோவோட யூடியூபுக்குப் போற பாட்டுன்னா 48-லேயே தொடங்குறதும் வசதி.

---

தண்டையார்பேட்டை டிராக்ஸ்

ரொம்ப நன்றி அண்ணே. கிளாக் சோர்ஸ் 'இன்டர்னல்' என்றுதான் இருந்தது. ஏடாட்டுக்கு மாத்தினதும் டிக் நின்னுடுச்சு. கீபோர்டு லைன் இன்னுக்குப் போயாச்சு, ஹம்மும் இல்லை.

இன்னும் ரெண்டு விஷயம். டோலக்கோட வலது பக்க மைக்கை இன்டர்ஃபேஸோட சொந்த மைக் இன்னில் கொடுத்தேன், இடது பக்க மைக் ப்ரீஆம்பில். ரெண்டையும் சேர்த்தா ஒலி மெலிசா, தகர டப்பா மாதிரி ஆகுது. தனித்தனியா நல்லா இருக்கு. இன்னொன்னு, ரீப்பர் டிஏடபிள்யூவில் முதல் சில இன்புட் மட்டும் தெரியுது, ஏடாட் சேனல் பாதி காணோம். டிக் உண்மையிலேயே முழுசா போச்சான்னு காதை நம்பாம சோதிக்க வழி இருக்கா?

---

வியாசர்பாடி ஒலி

ரீப்பர் விஷயம் சுலபம். ஆடியோ டிவைஸ் பக்கத்தில் ஏசியோ (இன்டர்ஃபேஸோட வர்ற ஆடியோ டிரைவர்) டிரைவரைத் தேர்ந்தெடுத்திருக்கணும், அதுக்குக் கீழே 'எனேபிள் இன்புட்ஸ்' என்று முதல், கடைசி என்று ரெண்டு பெட்டி. கடைசி என்பதைப் பட்டியலில் இருக்கிற கடைசி ஏடாட் சேனல் வரைக்கும் நீட்டுங்க.

டோலக் மெலிஞ்சதுக்குக் காரணம் தாமதம். இன்டர்ஃபேஸோட மைக் இன்னில் ஒரு கன்வெர்ட்டர் (ஒலியை எண்ணா மாத்துற பகுதி), ப்ரீஆம்பில் வேறொரு கன்வெர்ட்டர், அதுக்கு மேல ஏடாட்டைக் கட்டி அவிழ்க்கிற நேரம். ஒவ்வொன்னும் சில சாம்பிள்களைத் தின்னும், ரெண்டு பெட்டிக்கும் அளவு வேற. 48-ல் ஒரு சாம்பிள் நேரத்தில் ஒலி காத்தில் 7 மில்லிமீட்டர் போகும். 20 சாம்பிள் விலகினா ஒரு மைக்கை 14 சென்டிமீட்டர் தள்ளி வெச்ச மாதிரி. பாட்டுக்காரருக்கும் கோரஸுக்கும் நடுவே அது ஒன்னுமே இல்லை. ஒரே டோலக்கை ரெண்டு மைக் கேட்கும்போது நடு, மேல் ஒலிகள் சில இடத்தில் ஒன்னையொன்னு தின்னுடும். தகர டப்பா சத்தம் அதுதான். அதனால சட்டம் இது: ஒரே வாத்தியத்துக்கான எல்லா மைக்கும் ஒரே பெட்டியில். டோலக் ரெண்டையும் ப்ரீஆம்ப் 1, 2-ல் போடுங்க. இடம் போதலைன்னா பாடுறவரோட மைக்கை இன்டர்ஃபேஸுக்கு மாத்துங்க. அதுக்கும் மேல மெலிசா இருந்தா ஒரு மைக்கோட போலாரிட்டியைத் திருப்பிப் (அலையைத் தலைகீழாக்கிப்) பாருங்க. டோலக்கில் ஒரு தோலை அடிச்சா மறுதோல் வெளியே தள்ளும், ரெண்டு பக்கமும் மைக் வைக்கும்போது இது தேவைப்படும்.

வித்தியாசம் எத்தனை சாம்பிள்னு தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது. ஒரு டைனமிக் மைக்கை ஒய் கேபிளில் பிரிச்சு ஒரு முனையை இன்டர்ஃபேஸிலும் ஒன்னை ப்ரீஆம்பிலும் கொடுங்க. ரெண்டு பெட்டியிலும் ஃபான்டம் பவர் (மைக்குக்குக் கேபிள் வழியா போற கரண்ட்) கட்டாயம் ஆஃப். மைக் முன்னாடி கைதட்டிப் பதிவு பண்ணி, அலை எழும்புற இடத்தைப் பெரிசாக்கி சாம்பிள் எண்ணிப் பாருங்க. அந்த எண் அதே ரேட்டில் மாறாது. எழுதி வெச்சுக்கிட்டா எப்பவும் அவ்வளவு சாம்பிள் நகர்த்தினா போதும். 44.1-க்குப் போனா திரும்ப அளக்கணும்.

டிக் சோதனைக்கு: போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை ஹெட்ஃபோன் சாக்கெட்டிலிருந்து ப்ரீஆம்பின் ஒரு லைன் இன்புட்டில் கொடுங்க. மைக் வழியா வேண்டாம், ஃபேன் சத்தமும் தெருச் சத்தமும் குழப்பிடும். போனை ஏரோப்ளேன் மோடில் வெச்சு 10 நிமிஷம் பதிவு பண்ணுங்க. அந்த டிராக்கில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல மட்டும் விடுற செங்குத்தான ஹை பாஸ் ஃபில்டரைப் போட்டு, மிச்சத்தை நல்லா ஏத்திக் கேளுங்க. கிளாக் சரியா இருந்தா வெறும் மெல்லிய இரைச்சல் மட்டும். ஒரு சாம்பிள் தவறினாலும் ஊசி மாதிரி மேலே நிற்கும், கண்ணாலேயே பார்க்கலாம். ஊசிகள் சம இடைவெளியில் வந்தா திரும்ப கிளாக். எப்பவாவது ஒன்னு, அதுவும் பக்கத்து அறையில் ஃப்ரிட்ஜ் போடும்போது வந்தா அது கரண்ட் பக்கம்.

---

காசிமேடு சோல்டர்

கரண்ட்னு சொன்னதும் ஒன்னு விட்டுப்போனது ஞாபகம் வந்தது. இப்போ உங்க மாஸ்டர் ப்ரீஆம்ப். கரண்ட் போய் லேப்டாப் பேட்டரியில் ஓடினாலும், ப்ரீஆம்ப் ஒரு கணம் அணைஞ்சா கிளாக் போச்சு, பதிவு நின்னுடும். அதனால லேப்டாப்பை விட ப்ரீஆம்புக்கும் இன்டர்ஃபேஸுக்கும்தான் முதலில் யூபிஎஸ் வேணும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுறீங்கன்னா பின்னாடி 'யூபிஎஸ் மோட்' சுவிட்ச் இருக்கும், அதில் வையுங்க. சாதாரண மோடில் மாறுற நேரம் நீளம், பெட்டிகள் ரீஸ்டார்ட் ஆகும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்னா அனலாக் பக்கம் இரைச்சல் ஏறும், சைன் வேவ்தான் ரெக்கார்டிங்குக்கு ஆகும்.

ஆன் பண்ற வரிசை: ப்ரீஆம்ப், இன்டர்ஃபேஸ், லாக் ஆனதும் டிஏடபிள்யூ, கடைசியா ஸ்பீக்கர். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். லாக் விடும்போது முழு அளவில் ஒரு இரைச்சல் வெடிக்க வாய்ப்பிருக்கு, ஹெட்ஃபோன் போட்டிருந்தா காதுக்கு ரொம்பக் கெடுதி.

---

மூலக்கொத்தளம் பீட்ஸ்

குறுக்கே ஒரு சின்ன கேள்வி. எங்க இன்டர்ஃபேஸிலும் ஆப்டிகல் இன் இருக்கு. டிவியோட ஆப்டிகல் அவுட்டை அதில் கொடுத்தா ஒன்னும் வரலை. முடியுமா?

---

பெரம்பூர் மிக்ஸ் ரூம்

முடியும். டிவி அனுப்புறது எஸ்பிடிஃப், உங்க போர்ட் ஏடாட் நிலையில் இருந்தா அது புரிஞ்சுக்காது. கன்ட்ரோல் சாஃப்ட்வேரில் ஆப்டிகலை எஸ்பிடிஃப் ஆக்குங்க, எல்லா இன்டர்ஃபேஸிலும் அந்த வசதி இருக்காது, மேனுவலைப் பாருங்க. டிவி செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்டை 'ஆட்டோ', 'டால்பி' எதிலும் விடாம 'பிசிஎம்' (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாத்துங்க, இல்லைன்னா அருவி கொட்டுற மாதிரி இரைச்சல் வரும், வால்யூம் குறைச்சு வெச்சே சோதிங்க. டிவி பெரும்பாலும் 48-ல் அனுப்பும், அதுவும் யாரையும் தொடராத மாஸ்டர். கிளாக் சோர்ஸ் எஸ்பிடிஃப், ப்ராஜெக்ட் 48.